உள்கண்ணாடி

அஸ்தம்பட்டி மாடியறை.
சுவரில் சீனத்து ஆள், அம்மணமாக.
உடம்பெல்லாம் கோடும் புள்ளியும்,
எங்கள் டெப்போ ரூட் மேப் போல.

துய் நா என்றால் தள்ளு, பிடி என்று அர்த்தமாம்.
ஜெசிந்தா சொன்னாள்.
கிளட்ச்சுக்கும் கியருக்கும் அதற்குமேல்
என்ன சொல்லிவிட முடியும்.

குப்புறப் படுத்தேன். சட்டைக்கு மேலேயே
கட்டைவிரல் ஊர்ந்தது.
"எங்க வலிக்குதுன்னு சொல்லுங்க."
பதினான்காவது வளைவு, என்றேன்.
சிரிக்கவில்லை. முழங்கையை ஊன்றினாள்.
ஏற்காட்டு லாரி ஒன்று
ஹார்ன் அடிக்காமல் எதிரே வந்தது.

"வலது தோள் ஒரு விரக்கடை கீழ இருக்கு.
எந்தப் பக்கம் சாய்ஞ்சே உக்காருவீங்க?"
ஜன்னல் பக்கம், என்றேன்.
பதினேழு வருஷமாகப் பள்ளம் பார்ப்பதைச்
சொல்லவில்லை.

நானூறு ரூபாய்.
மிளகுபோல் ஒரு சூடு இடுப்பில் ஏறிக்கொண்டது,
இறங்கவில்லை.

மறுநாள் முதல் டிரிப், ஐந்தே கால்.
நிமிர்ந்து உட்கார்ந்தால்
கண்ணாடியில் முகங்களைக் காணோம்;
செருப்புகள், ஒரு பலாப்பழம்.
விரல் நுனியளவு திருப்பினேன்.
கடைசி சீட்டில் காபித் தோட்டத்துப் பெண் ஒருத்தி
கொட்டாவி விட்டாள்.

ஏழாவது வளைவிலேயே
அவள் கீழே நழுவத் தொடங்கினாள்.
"நிமிருடா" என்றேன்.
கண்டக்டர் திரும்பிப் பார்த்தான்.