இரண்டாவது கத்தி

மணி இரண்டே கால்.
மணலோடையில் பட்டிகூடக் குரைக்காத நேரம்.
நைட்டிக்கு மேல் அவருடைய பழைய சட்டை,
இடுப்பில் கொசுவர்த்திச் சட்டி,
நெற்றியில் விளக்கு.
முந்நூற்று எழுபது மரத்துக்கு
நான் ஒருத்தி.

வலது கையில் பால்வெட்டுக் கத்தி.
பதினொரு வருடமாய் இதே கத்தி,
பிடி மட்டும் இரண்டு தடவை மாற்றினேன்.
ஒரு நூல் ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம்,
ஒரு நூல் குறைந்தால் முதலாளிக்கு நஷ்டம்.
அந்த அளவை என் மணிக்கட்டு அறியும்.
கழுத்து என்று ஒன்று உண்டென்று
இந்தக் கத்தி ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை.

இரண்டாவது கத்தி மார்த்தாண்டத்தில் வாங்கியது.
கொழுந்தன் றாபின்சன் கொண்டுவந்து தந்தான்.
பொத்தானை அமர்த்தினால் டக்கென்று நாக்கை நீட்டும்.
"ஒண்ணும் செய்யண்டாம் மைனி,
சும்மா கெடந்தா போரும்."

சுபலீலாவுக்கு நடந்த பிறகு
இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் ஏதோ ஒன்று வந்தது.
மிளகுப்பொடி, விசில்,
ஒருத்தி பன்னிவெடி கிடைக்குமா என்றுகூடக் கேட்டாள்.
சுபலீலா வெறுங்கையோடு நின்றவளில்லை.
அவள் கையிலும் பால்வெட்டுக் கத்தி இருந்தது.
குலசேகரம் ஆஸ்பத்திரியில் போட்ட எட்டுத் தையலும்
அந்தக் கத்தி கிழித்ததற்குத்தான்.
இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை.

சும்மா கிடக்கவில்லை அது.
சட்டைப்பையில் கிடந்துகொண்டு
மரத்துக்கு மரம் என்னைத் திரும்பச் சொன்னது.
ஒட்டுபாலை உரிக்கையில் திரும்பினேன்.
சிரட்டையை நிமிர்த்துகையில் திரும்பினேன்.
அடுத்த பிளாக்கில் சத்தியநேசன் இருமியதற்கே
விரல் பொத்தானுக்குப் போயிற்று.
ஐம்பத்தெட்டு வயது, ஆஸ்துமா,
என் கல்யாணத்துக்கு வாழைக்குலை சுமந்த மனுஷன்.

அந்த மாதம் பதினாறு மரத்துக்குக் காயம்.
கூலியில் பிடித்தார்கள்.

பிறகு அந்தப் புதன்கிழமை.
தொண்ணூறோ நூறோ வெட்டியிருப்பேன்.
ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு வெளிச்சம்.
பால் வெட்டுகிறவர்கள் வெளிச்சம் மரத்தடியில் நிற்கும்,
குனியும், நிமிரும், நகரும்.
இது நிற்கவில்லை.
நேரே வந்தது.

பொத்தானை அமர்த்தினேன்.
விரலெல்லாம் பால், ஆறிப் பசையாய்ப் போன பால்.
இன்னொரு தடவை.
நாக்கு வரவில்லை.
எனக்கும் வரவில்லை, கூப்பிட.
அப்போதுதான் பட்டது:
அவன் என்னைப் பார்க்கவில்லை,
என் நெற்றியைப் பார்த்து வருகிறான்.

விளக்கை அணைத்தேன்.

கொசுவர்த்தியையும் மண்ணில் தேய்த்தேன்.
இடது கை நீட்டினால் மரம்,
பதினைந்து அடி விட்டு அடுத்த மரம்,
இடையில் இடிந்த கையாலை,
அதில் எந்தக் கல் ஆடும் என்றுகூடத் தெரியும்.
நாலாம் தட்டுக்கு இறங்கி உட்கார்ந்தேன்.
வெளிச்சம் வந்து
நான் நின்ற இடத்தில் நின்றது.
வட்டம் போட்டது.
சிரட்டை ஒன்றை மிதித்து
கெட்ட வார்த்தை ஒன்று சொன்னது.
ஆண் குரல்.
தெரிந்த குரல் மாதிரியும் இருந்தது,
இல்லாத மாதிரியும்.
அப்படியே ரோட்டுப் பக்கம் இறங்கிப் போனது.

பன்னி விரட்ட வந்தவனோ,
ஒட்டுபால் கள்ளனோ,
சுபலீலாவிடம் வந்த அதே கையோ.
கத்தி விரிந்திருந்தால்
மூன்று பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கும்.
இல்லை,
மூன்றாமவன் கைக்குப் போய் என்னிடம் சொல்லியிருக்கும்.

"கத்தி உண்டும்லா?" என்கிறான் றாபின்சன்.
உண்டு என்கிறேன்.
ஓடையில் எறிந்துவிட்டேன் என்று சொன்னால் நன்றாயிருக்கும்.
பொய்.
பையில்தான் கிடக்கிறது.

ஆனால் ஓடைப் பக்கத்து முப்பது மரத்தை
இப்போது விடிந்த பிறகுதான் வெட்டுகிறேன்.
பால் குறையுமே என்றார் முதலாளி.
குறையும் என்றோம்,
நானும் சுபலீலாவும் சத்தியநேசனும் சேர்ந்து போய் நின்று.

அந்தப் பொத்தானைச் சுற்றி அன்றைய பால்
உறைந்து ரப்பராய் இறுகியிருக்கிறது.
நகத்தால் சுரண்டினால் ஐந்து நிமிட வேலை.
இன்னும் சுரண்டவில்லை.