முன்பாரம்

ஏரியில் பனிக்கட்டி உடைந்து ஆறாம் நாள்,
பாதஸ்யோகியில் ட்ரெய்லர் விற்கும் முற்றத்தில் நிற்கிறேன்.
தீர்ப்பில் படகு எனக்கு, ட்ரெய்லர் ஓர்வோவுக்கு.
எழுதியவர் எந்தக் கரையையும் பார்த்தவரில்லை போலும்.
குளிர்காலம் முழுக்க என் படகு
நான்கு லாரி டயர்மேல் வயிறு அமுங்கிக் கிடந்தது.
அவன் வாசலில் வெறும் இரும்புச் சட்டம்
பனியைச் சுமந்து நின்றது.

"எடை எவ்வளவு?" என்கிறார் தைஸ்தோ.
முந்நூற்று நாற்பது கிலோ.
"அது கையேட்டில் இருக்கிற படகு. உங்களுடையது?"
விரல் மடக்குகிறேன்.
மோட்டார் தொண்ணூற்றெட்டு. பெட்ரோல் இருபத்தைந்து லிட்டர்.
பேட்டரி, நங்கூரம், அதன் சங்கிலி,
மீன் புகைக்கிற தகரப்பெட்டி,
இருக்கைக்கு அடியில்
நீ எடு நீ எடு என்று
இருவரும் எடுக்காமலே விட்ட ஈரக் கயிறு.
ஐந்நூறைத் தாண்டிவிட்டது.

உருளையா, பலகையா?
எங்கள் துறையில் சரிவு குறைவு, கூழாங்கல் வேறு;
பலகை என்றால் காரே குளிக்க வேண்டும்.
உருளைதான்.
கறுப்பு ரப்பர் வேண்டாம், வெள்ளை அடிவயிற்றில் கோடு இழுக்கும்.
துத்தநாகம் பூசியது, வெறும் பெயிண்ட் அல்ல.
தேர்ந்தவள் மாதிரி பேசிக்கொண்டே போனேன்
மூன்றாவது வரிசை வரைக்கும்.

இடது பின்விளக்கில் நீல டேப்.
சுற்றியது நான்.
டார்ச் பிடித்தது அவன்.

"அக்டோபரில் வந்தது. சட்டம் நல்ல சட்டம்," என்றார் தைஸ்தோ.
"ஆனால் வைத்திருந்தவருக்கு
ஓட்டத்தில் ஆடியிருக்கும்."

ஆடியது. எண்பதைத் தொட்டால் ஆடும்.
பதினோரு கோடை நான் கத்தியிருக்கிறேன், மெதுவாகப் போ என்று.
நீ அடைக்கிற சாமான் அப்படி, என்பான்.
லாஹ்தி சாலையில் ஒருமுறை ஓரங்கட்டி இறங்கி
ஆளுக்கொரு திசை பார்த்து நின்றோம்.
லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.
படகு, நடுவில், நேராகத்தான் இருந்தது.

தைஸ்தோ குனிந்து இரண்டு போல்ட்டைக் காட்டுகிறார்.
"படகின் மூக்கைத் தாங்குகிற இந்தத் தூண்
பின்தள்ளி நிற்கிறது.
பின்பாரம். கொக்கிமேல் எடையே விழாது.
ஒரு சாண் முன்னால் நகர்த்தியிருந்தால் போதும்."

ஒரு சாண்.

பக்கத்தில் நின்ற புதியதன் விலைச்சீட்டைப் படித்தேன்.
இன்னொரு முறை படித்தேன்.
பிறகு, பதினேழாம் நம்பர் ஸ்பேனர் இருக்கிறதா என்று கேட்டேன்.

துரு. முதல் போல்ட் அசையவே இல்லை.
எண்ணெய் விட்டுக் காத்திருந்த நேரத்தில் காபி தந்தார்.
யாரிடம் வாங்கினீர்கள் என்று நான் கேட்கவில்லை;
டேப்பை ஏன் தடவுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம்
குறைகுடம்போல் அது குதித்துக் கூச்சலிட்டது.
எண்பதில் கண்ணாடியைப் பார்த்தேன்.
ஆடவில்லை.

காலியாக இருந்தபோது
அது ஒருநாளும் ஆடியதில்லை.