உறையின் பின்பக்கம்

ஈரி நகரில், பன்னிரண்டாம் தெருவில்,
மாடி வீட்டுக்கு நான் குடிவந்தபோது
முன்பிருந்தவர் விட்டுப்போனவை:
ஒரு ஷவர் திரை,
கார்க் கண்ணாடியில் பனி சுரண்டும் தகடு,
தபால்பெட்டியில் தன் பெயர்.

லயோனெல் ஸ்கார்பெக்.

ஆளைப் பார்த்ததில்லை.
பல் டாக்டர் அவரைத் தேடினார்.
கேபிள் கம்பெனி கெஞ்சியது, பிறகு மிரட்டியது.
'இங்கே இல்லை' என்று எழுதி
திரும்பப் போட்டால் போதும். தெரியும்.
பிளாஸ்டிக் ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து
காலை ஏழரைக்குப் படியேறுகிறவளுக்கு
பேனா தேடுவது இன்னொரு ஷிஃப்ட்.
சமையலறையின் மூன்றாவது இழுப்பறை
முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.

ஜனவரியில் ஹாரிஸ்பர்கிலிருந்து ஒன்று.
ஜன்னல் வைத்த உறை.
சிவப்பு முத்திரை இல்லை, கையெழுத்துக் கேட்கவில்லை.
ஒரு மனிதனின் நான்கு சக்கரங்களையும் கழற்றும் காகிதம்
பீட்சா கூப்பனைவிட மெலிந்திருக்கும் என்று
யாருக்குத் தோன்றும்?
அன்று பேனா கிடைத்தது.
காகிதம்தான் கிடைக்கவில்லை.

அக்டோபரில், என் பார்க்கிங் அபராதத்தோடு
கோர்ட் பெஞ்சில் காத்திருந்தேன். நாற்பத்தைந்து டாலர்.
"ஸ்கார்பெக்" என்று கூப்பிட்டார்கள்.
என்னைக் கூப்பிட்டதுபோல் பாதி எழுந்துவிட்டேன்.

ரொட்டி வேன் ஓட்டுகிறவர். குட்டையான ஆள்.
கையில் தொப்பி, தொப்பியில் கம்பெனிப் பெயர்.
பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று நிறுத்திய போலீஸ்காரர்
கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்:
"உங்கள் லைசென்ஸ் ஒன்பது மாதமாகச் செல்லாது."
ஒன்பது மாதம்.
தினமும் விடியுமுன் பதினாறு கடைகள்.
"எனக்குத் தெரியாது, சார்."

அரசு வக்கீல் தாளைப் புரட்டவேயில்லை.
"அனுப்பினோம். திரும்பி வரவில்லை."
யாரும் கேட்காமலே இன்னொருமுறை சொன்னார்:
"திரும்பி வரவில்லை."

போன பிள்ளை திரும்பி வரவில்லையென்றால்
பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று
எந்த வீட்டில் விளக்கணைத்துத் தூங்குவார்கள்?
அரசாங்கத்தின் வீட்டில் தூங்குகிறார்கள்.

வழக்கு இரண்டு வாரம் தள்ளிப்போனது.
நாற்பத்தைந்தைக் கட்டினேன்.
வாய் திறக்கவில்லை. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.
வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் தரையில் கவிழ்த்தேன்.

அடுத்த முறை நீதிபதி கையில் அந்த உறை.
ஒட்டிய வாய் ஒட்டியபடி.
திருப்பினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
பின்பக்கத்தில் என் கோணல் எழுத்து:
முட்டை.
பூனைத் தீனி.
வாசல் பனிக்கு உப்பு, பெரிய பை.
ஜனவரி 19.

"இது உங்கள் கையெழுத்தா, மிஸ் டாப்ஸ்?"
"ஆமாம்."
"உப்பு வாங்கினீர்களா?"
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
வாங்கவில்லை. மறந்துவிட்டேன்.
அதையும் சொன்னேன், சத்தியம் செய்திருந்தேனே.

தெரிந்தே ஓட்டினார் என்ற குற்றம் விழுந்துவிட்டது.
லைசென்ஸ் எழுந்திருக்கவில்லை.
அதற்கு வேறு கவுண்டர், வேறு படிவம்,
எந்தக் காலத்திலோ கட்டாமல் விட்ட அறுபது டாலர்.
வேலை? அதை யாரும் தள்ளிவைக்கவில்லை,
வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

பஸ் நிறுத்தத்தில் ஏரிக்காற்று காதை அறுத்தது.
மீதிக் கடிதங்களை ரப்பர் பேண்ட் போட்டு நீட்டினேன்.
மன்னிப்பு என்ற சொல்லை
நான் தொண்டையில் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க,
அவர் பையில் கைவிட்டு
ஒரு சாவியை எடுத்தார்.
பழைய வேன் சாவி. திருப்பிக் கேட்க மறந்திருக்கிறார்கள்.

அதன் பல்லால் முதல் உறையைக் கிழித்தார்.
பல் டாக்டர்.
"மார்ச்சிலேயே கூப்பிட்டிருக்கிறார்" என்றார்,
நாக்கால் கடைவாயைத் தடவிக்கொண்டே.