நாற்பத்தொரு தையல்

முஹர்ரக்கில் ஒரு கல்யாண மண்டபம்.
குவிமாடத்தில் இத்தாலிய வானம் வேண்டுமாம் முதலாளிக்கு.

ஈரச் சுண்ணத்தில் நிறம் ஏற்றினால்
காய்ந்தபின் அது சுவரின் சதை.
ஃப்ரெஸ்கோ என்று பெயர்.
காய்ந்த இடம் எதையும் குடிக்காது,
ஆகவே ஒரு நாளில் தீட்ட முடிந்த அளவே
பூச வேண்டும்.
அந்தத் துண்டை ஜோர்னாத்தா என்பார்கள்.
ஒரு நாள் என்றுதான் அர்த்தம்.

வரைபடத்தில் என் நாள் மூன்று முழம்.
ஆகஸ்டில், ஏசி இணைப்பு வராத மாடத்தில்
முக்கால் முழமாகச் சுருங்கிவிட்டது.
புறாவின் வலச் சிறகு மட்டும் ஒரு நாள்.
மேக விளிம்பைப் புகையாய்க் கரைக்க ஒரு நாள்.
கீழே நிற்பவருக்கு நிமிர்ந்து தெரிவதற்காகக்
கோணலாக இழுத்த தூண் ஒரு நாள்,
அன்று எனக்குக் காய்ச்சல்,
வாளி தூக்கியவன் எஸ்தாக்கி.

டைம் ஷீட்டில் முப்பத்தெட்டு.

கணக்கர் முபீனைச் சாரத்தில் ஏற்றினேன்.
விளக்குகளை அணைத்துவிட்டு
டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தேன்.
எழுந்து வந்தன தையல்கள்.
பிந்திய நாள் முந்திய நாளின் விளிம்பில்
மயிரிழை ஏறி உட்கார்ந்திருக்கும்;
வரிசைகூடத் தப்பாது.
எண்ணுங்க சார்.

உதடசைத்து எண்ணினார்.
ஒரு தடவை விட்டு, மறுபடி முதலிலிருந்து.
நாற்பத்தொன்று.

கொஞ்ச நேரம் அண்ணாந்தே இருந்தார்.
பிறகு போனில் படம் எடுத்துக்கொண்டு கேட்டார்:
வானத்துல ஏன்யா இவ்வளவு விரிசல்?