4118ஆம் வரி

இரவு ஒன்பது, பாயான் லெப்பாஸ்.
பாலத்து நெரிசல் வடிந்தபின் கிளம்பலாம் என்றிருந்தேன்.
ஹுய் லிங்கின் நாற்காலியில் அவள் குளிர்சட்டை மட்டும்.
திரையில்,
எண்பத்திரண்டுக்கு முன் பினாங்கு ஆஸ்பத்திரியில் பிறந்த எல்லோரும்
அரை மணி நேரம் முந்திப் பிறந்துகொண்டிருந்தார்கள்,
சிலர் தாய்க்கு வலி கண்டதற்கும் முன்னால்.

யாரோ ஒருத்தி நிரலில்
'கூட்டல் எட்டு' என்று கையால் எழுதி வைத்திருக்கிறாள்.
யாரென்று தேடினால்
ஆறு வருடம் முந்திய நான்.

அப்போது இந்த நாட்டுக்கு ஏழரை.
சனி அல்ல, நேர வலயம்.
சென்னைக்கும் எங்களுக்கும் முழுசாய் இரண்டு மணி வித்தியாசம்;
அந்த அரை பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

எண்ணை அழித்தேன். ஊர்ப்பெயரைப் போட்டேன்:
ஆசியா, சாய்கோடு, கோலாலம்பூர்.
(பினாங்குக்காரிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.)
பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் குழந்தைகள்
அவரவர் நிமிடத்துக்குத் திரும்பினார்கள்.
ஒன்றைத் தவிர.

தவநாயகி, சுப்பையாவின் மகள்.
31.12.1981, இரவு 11.40.
அப்படி ஒரு நேரமே கிடையாது என்கிறது தேதி நூலகம்.
உண்மைதான். அன்றிரவு பதினொன்றரை ஆனதும்
பன்னிரண்டு ஆகிவிட்டது.
விட்டுப் போகிற ஏழரை
கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது.

கொஞ்சம் தளர்த்திக் கேட்டால் இறங்கி வருகிறது:
வேண்டுமானால் 12.10, ஜனவரி ஒன்று.
அடையாள அட்டையில் எண்பத்தொன்று, இங்கே எண்பத்திரண்டு.
மூன்று முறை கவுண்டரிலிருந்து
உங்களைத் திருப்பி அனுப்பியது இதற்காகத்தானா, அக்கா?

காலையில் அழைத்தேன்.
"கடிகாரத்தத் திருப்ப வேண்டிய நர்ஸு
என்னையத் திருப்பிக்கிட்டு இருந்தாங்களாம்,
கால்தான் மொதல்ல வந்துச்சாம்.
அதெல்லாம் இருக்கட்டும்,
முட்டிக்கு ஸ்கேன் எப்ப எடுப்பீங்க?"

பிறந்த நேரம் என்ற கட்டத்தை
வெறும் எழுத்தாக மாற்றினேன்.
கூட்டாமல், கழிக்காமல்,
அந்த நர்ஸின் பேனா எழுதியது எழுதியபடி.
மேலே ஒரு குறிப்பு:
பிழை அல்ல. யாரும் திருத்த வேண்டாம்.

ஹுய் லிங் வந்தாள், படித்தாள்,
குளிர்சட்டையை மாட்டிக்கொண்டே கேட்கிறாள்:
டெஸ்ட் எங்கே?