இரு தெரு பார்த்த சொல்

முனீஸ்வரன் கோயில் தெருவில்
ஜமால் முகைதீன் கடையின் பின்கட்டில்
எனக்கு ஒரு மேசை, ஒரு கணினி,
தலைக்கு மேல் விலை போகாத பெல்ஜியம் கண்ணாடி.
பழஞ்சாமான் விற்பது அவர்.
அதற்கு இங்கிலீஷ் எழுதுவது நான்.

போன ஆடியில் ஒரு தேக்கு அலமாரி.
முன்கால் ஒன்றைக் கரையான் தின்றிருந்தது.
"ஒரு காலை இழந்துவிட்டதால்,
உரிமையாளர் இந்த அலமாரியைக்
குறைந்த விலைக்குத் தருகிறார்" என்று
இங்கிலீஷில் தட்டி அனுப்பினேன்.
லியோனிலிருந்து மறுநாளே பதில்:
"உரிமையாளர் இப்போது நடக்கிறாரா?
பேரம் பேசக் கூசுகிறது.
நூறு யூரோ கூடுதலாக வைத்திருக்கிறேன்,
செயற்கைக் காலுக்கு உதவட்டும்."

பாய் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்.
எழுந்து நின்று கைலியைச் சற்றுத் தூக்கித்
தன் கால்களை எண்ணிக்கொண்டார்.
"நூறைத் திருப்பி அனுப்பு.
காலை அலமாரிக்கே மாட்டு."

அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்:
நொண்டிக்கொண்டு தொடங்கும் தொடர்
காற்புள்ளி தாண்டியதும்
எதிர்ப்பட்ட முதல் ஆளின் தோளைப் பிடிக்கும்.
அங்கே யாரை நிறுத்துகிறோம் என்று பார்க்க வேண்டும்.

ஒன்லி இன்னும் மோசம்.
நம் 'மட்டும்' தன் சொல்லின் முதுகிலேயே
ஒட்டிக்கொண்டு வரும்.
ஒன்லி சந்தையில் கைவிட்ட பிள்ளை,
யார் பக்கத்தில் நிற்கிறதோ அவர் பிள்ளை.
தூண் மட்டும் விற்கிறோம் என்று நினைத்து
விற்க மட்டும் செய்கிறோம் என்று எழுதி,
"அப்படியானால் கப்பலில் யார் ஏற்றுவார்கள்?" என்று
கேள்வி வாங்கியிருக்கிறேன்.

கார்த்திகையில் கானாடுகாத்தான் வீடு வந்தது.
பர்மாத் தேக்கில் பதினாறு தூண்,
பதினொரு பங்கு.
அலமாரி வாங்கிய அதே அம்மா கேட்டார்:
பங்காளிகள் மறுப்புச் சொல்வார்களா?
டீ ஆறுவதற்குள் தட்டினேன்:
'ஷேர்ஹோல்டர்ஸ் ஹூ விசிட் த ஹவுஸ் ரேர்லி அப்ஜெக்ட்.'

அனுப்பும் முன் ஒருமுறை வாசித்தேன்.
அந்த ரேர்லி இந்த ஊர் வீடு மாதிரி நின்றது,
முகப்பு ஒரு தெருவில்,
பின்வாசல் அடுத்த தெருவில்.
இப்படி நுழைந்தால்,
வந்து பார்க்கிற பங்காளிகள் மறுப்பது அரிது.
அப்படி நுழைந்தால்,
அரிதாக வருகிற பங்காளிகள் மறுக்கிறார்கள்.

பாயிடம் சொன்னேன். கண் மூடி யோசித்தார்.
"அது அங்கேயே இருக்கட்டும் உமையாள்.
எந்த வாசல் பிடிக்குதோ
அந்தம்மா அதில் நுழையட்டும்."

ஆனால் நான் அந்த வீட்டுக்குப் படமெடுக்கப் போயிருந்தேன்.
பினாங்கிலிருந்து ஒன்பது வருஷம் கழித்து
சோலையப்பன் வந்து நின்றார் அன்று.
தோள்பையை இறக்கி வைக்கவில்லை.
ஒவ்வொரு தூணிலும் உள்ளங்கை வைத்துப்
பதினாறுவரை போனார்.
"கையெழுத்துக் கிடையாது" என்றார்.
நாலு மணி பஸ்ஸில் போய்விட்டார்.

பாய் தொழுகைக்குப் போன நேரம்
ரேர்லியைத் தூக்கி
விசிட்டுக்கு முன்னால் வைத்தேன்.
ஒரு சொல், மூன்று சொல் தூரம்.
அனுப்பிவிட்டேன்.

"உண்மைக்கு நன்றி. தூண்கள் வேண்டாம்" என்று
லியோன் எழுதியது.

இரண்டு நாள்
டீ பாய்க்கு மட்டும் வந்தது.
மட்டும் எங்கே நிற்கிறது என்று
நான் கவனிக்காமல் இல்லை.

மூன்றாம் நாள் கல்லாவிலிருந்து குரல்:
"பழைய வீட்டுச் சாவி எங்கே வச்சே?"
"பழசு வீடா பாய், சாவியா?"
பேனாவை மூடினார். திறந்தார்.
"இங்கிலீஷ்லதான் இந்த வியாதின்னு நெனச்சேன்."

இழுப்பறையிலிருந்து கொத்தை எடுத்து
என் மேசையில் போட்டார்.
முப்பத்தெட்டுச் சாவி.
எது எந்தக் கதவுக்கு என்று
எதிலும் எழுதியிருக்கவில்லை.

நூலும் துண்டு அட்டையும் கேட்டேன்.