பதினொன்றாம் கேமரா

என் வேலையில் சத்தம் கிடையாது.
நியூபோர்ட் நகரத்தின் வெள்ளி இரவு
நாற்பத்திரண்டு திரைகளில்
வெறுமனே வாயசைத்துக்கொண்டிருக்கும்.
சிரிப்பா சண்டையா என்பதைத்
தோள்களை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

குரல்கள் வேறு வழியாக வரும்,
மேசைமேல் கிடக்கும் வாக்கிடாக்கியில்,
முகமில்லாமல்.
மதுக்கூடத்து வாசலில் நிற்கும் கெதின்.
டாக்சி வரிசையைப் பார்த்துக்கொள்ளும் வர்சாமே.
வெறுங்காலோடு வீடு திரும்பும் பெண்களுக்கென்று
பை நிறைய ரப்பர் செருப்புகளோடு
தேவாலயத்திலிருந்து கிளம்பி வரும் எலுனெட்.
கபாப் கடை ரெப்வார்.
படத்தையும் குரலையும்
விடியும்வரை கோத்துக்கொண்டிருப்பேன்.

ரெப்வாருக்கு வாக்கிடாக்கி எதற்கு என்றார்கள் முதலில்,
அவன் மது விற்பதில்லையே என்று.
மாதம் பதினெட்டு பவுண்டு வாடகை.
நானே கட்டுகிறேன் என்றான்.
அவனும் கெதினும் ஒரு வருஷமாக முகம்கொடுத்துப் பேசுவதில்லை,
குப்பைத்தொட்டி விவகாரம்.
வாக்கிடாக்கியில் மட்டும்
"சொல்லுங்க." "சரிங்க."

இன்று மழை.
இரண்டு பத்துக்குக் கெதின்:
"ஒரு பையன். சாம்பல் சட்டை, கோட்டு இல்லை.
உள்ளே விட முடியாதுன்னு சொன்னேன்.
திட்டியிருந்தா பரவாயில்லை.
நன்றின்னு சொல்லிட்டுப் போறான்."

அந்த நன்றி எனக்கும் பிடிக்கவில்லை.

நான்காம் கேமராவில் அவன்.
ஏழில் அவன்.
ஏழுக்கும் பதினொன்றுக்கும் நடுவே
எண்பதடி இருட்டு,
என் கண்களுக்கு யாரும் தராத துண்டு.
அதைத் தாண்டினால் பாலம்.
கீழே அஸ்க் ஆறு.
ஓதம் வடியும்போது தன் சேற்றையெல்லாம் காட்டும்,
ஏறும்போது எதையும் காட்டாது.
இப்போது ஏறிக்கொண்டிருந்தது.

போன பிப்ரவரியில் ஒருவன் ஏழில் தெரிந்தான்.
பதினொன்றுக்கு வரவேயில்லை.
பார்த்துக்கொண்டே இருந்தேன்,
பார்ப்பதுதானே என் சம்பளம்.
அன்று அந்த எண்பதடியில்
யாரிடமும் வாக்கிடாக்கி இல்லை.

"ரெப்வார், உன் கடைப்பக்கம் வரான்."

பதில் இல்லை.
பதினொன்று காலி. மழைக்கோடுகள்.
ஆறில் எலுனெட் ஓடுகிறாள்,
அறுபத்தாறு வயது, செருப்புப் பை இடுப்பில் இடிக்க.
வர்சாமே டாக்சி வரிசையை விட்டுவிட்டான்,
குடித்தவர்கள் அத்தனை பேரும்
ஆச்சரியம், வரிசை கலையாமல் நின்றார்கள்.
வாசலை விட்டு நகரக்கூடாது என்பது கெதினுக்கு விதி.
மூன்றில் வாசல் இருந்தது.
கெதின் இல்லை.

நான்கு நிமிஷம்.
என் தேநீரில் ஆடை படிந்தது.

கரகரப்பு.
பிறகு ரெப்வார்:
"சிப்ஸ் கொடுத்தேன். வினிகர் பத்தலையாம்."

யாரோ மூச்சு விட்டார்கள்,
நான்கு பேரில் யார் என்று தெரியவில்லை.

"சாப்பிடுறான். அழுறான். ரெண்டும் சேர்ந்து.
ஒரு பெரிய கோட்டு போட்டிருக்கான், யாரோடதுன்னு கேளுங்க."
"என்னுது," என்றது கெதினின் குரல்.
"அவசரமில்லை."

"மோர்வென்னா, பார்த்தியா?" என்றாள் எலுனெட் மூச்சிரைக்க.
"பார்க்கலை," என்றேன். "கேட்டேன்."

பதிவேட்டில் இப்படி எழுதினேன்:
2.10 முதல் 2.31 வரை. அசம்பாவிதம் இல்லை.

திங்கள்கிழமை கூட்டம்.
நகரசபை, போலீஸ், மதுக்கூடச் சங்கம், ஒரு தட்டு பிஸ்கட்.
டாக்சி வரிசைக்கு ஆள் தேவைதானா,
மூன்று மாதத்தில் என்ன நடந்தது,
எண்ணிக்கை காட்டுங்கள் என்பார்கள்.
நடக்காததை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?
ஒருவேளை வர்சாமேயை நிறுத்திவிடவும்கூடும்.
ரெப்வார் இந்தமுறையும்
குப்பைத்தொட்டியைத்தான் கிளப்புவான்.

மூன்று இருபது.
மழை விடவில்லை.
மூன்றாம் கேமராவில் கெதின்,
நனைந்த சட்டையோடு, கைகளை அக்குளில் செருகிக்கொண்டு
இடமும் வலமும் கால் மாற்றி நிற்கிறான்.
ஓர் உருவம் குறுக்கே வருகிறது,
காகிதக் கோப்பையை அவன் கையில் வைத்துவிட்டு
ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போகிறது.

பேசியிருக்கலாம்.
எனக்குத்தான் சத்தம் கிடையாதே.